பாதி நாய்

மார்ச் 4

பேச்சின் நடுவில் போனை வைத்தவருக்கு,

வைத்தது நீதானே என்பீர்கள். நான் பட்டனை அழுத்தினேன், அவ்வளவுதான். அதற்கு முன்பே நீங்கள் வாயை மூடிக்கொண்டுவிட்டீர்கள். ஒன்பது வருஷமாக வெளிநாட்டில் இருக்கும் புருஷன், "வேலைய விட்டுட்டு ஒரேயடியா வந்துடறேன்" என்று சொன்ன அன்றைக்கே சண்டை போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இனிமேல் இந்தப் பேச்சு போனில் வேண்டாம். நாம் கத்தும்போதெல்லாம் சின்னவள் அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுதுவோம். எழுதும்போது யாராலும் கத்த முடியாது.

முதலில் ஆகவேண்டிய வேலைகள். ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். போகிறவன் என்று தெரிந்துவிட்டால் எந்த ஆபீசிலும் யாரும் பேனாவைத் திறக்க மாட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தெந்த மாடல் லிஃப்ட் பார்த்தீர்கள் என்று வரவேண்டும். இங்கே வேலை கேட்டுப் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். போலீஸ் சான்றிதழை அங்கே இருக்கும்போதே வாங்குங்கள். வந்த பிறகு என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டு ஓனரிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். பேங்க் கணக்கை எல்லாவற்றுக்கும் கடைசியாக மூடுங்கள். சோபா, மெத்தை, அந்த ஆடும் மேஜை எதுவும் வேண்டாம். உங்கள் வேலைக் கருவிகளும் துணிமணியும் போதும். இதையெல்லாம் நாங்கள் நேரில் போய் விசாரித்தோம். அதற்குப் பிறகுதான் எழுதுகிறேன்.

அடுத்தது நாய்.

வேண்டாம்.

ஊருக்கு வருகிறேன் என்று சொன்ன மறு நிமிஷம் நீங்கள் என்ன கேட்டீர்கள் தெரியுமா? "பால்கனி எவ்வளவு நீளம் இருக்கும்?" அலமாரியில் உங்கள் பக்கம் காலியாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. அதில் என் மூக்குக் கண்ணாடிக் கடையின் பிரேம் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பது என்றும் கேட்கவில்லை. நான் இப்போதெல்லாம் நடுவில் படுக்கிறேன். நாய்க்கு உலாவ இடம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கவலை.

அந்த நாய் தினமும் உங்கள் குரலைக் கேட்டிருக்கிறது. எனக்குக் கிடைத்ததில் பாதி "கேக்குதா? ஹலோ, கேக்குதா?"

உங்கள் வீட்டுக்காரி

---

மார்ச் 9

கோபக்காரிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். முதலில் சான்றிதழ். மேனேஜர் "எதுக்கு இப்ப?" என்றான். பேங்கில் கேட்கிறார்கள் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். கையெழுத்து ஆனதும் அடுத்த நாளே ராஜினாமாவை நீட்டினேன். அவன் முகம், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. ஏப்ரல் கடைசிவரை வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும். போலீஸ் சான்றிதழுக்குக் கைரேகை கொடுத்தாயிற்று. கிரீஸ் ஊறிய விரலில் ரேகையே விழவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிக்கொண்டு மறுபடியும் வரச் சொன்னார்கள்.

நாயைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்கிறேன், கேள். அதற்கு நான் வைத்த பெயர் மேஸ்திரி. கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கிறவர் மாதிரி தெருவில் ஒவ்வொரு சுவராக நின்று பார்த்துவிட்டுத்தான் நகரும். அது எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டு அம்மாவின் நாய். கீழேயே பூக்கடை வைத்திருக்கிறார். விடியும் முன்பே மார்க்கெட்டுக்குப் போய்விடுவதால் காலையில் நாயை நான் நடத்திக் கூட்டிப் போவேன், சாயந்திரம் அவர். அப்படியே பாதி நாள் மேலே, பாதி நாள் கீழே என்று பழகிவிட்டது. பாதி நாய் என்னுடையது என்று வைத்துக்கொள்ளேன். ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்.

இன்னொன்று. "நாங்கள் நேரில் போய் விசாரித்தோம்" என்று எழுதியிருக்கிறாய். யார் அந்த நாங்கள்?

உன் வீட்டுக்காரன்

---

மார்ச் 13

பாதி நாயின் முழு எஜமானருக்கு,

படத்தைப் பார்த்தேன். நாயைக் கடைசியாகத்தான் பார்த்தேன்.

"கீழ்வீட்டு அம்மா" என்று எழுதியதும் நரைத்த தலையும் மூட்டுவலியுமாக யாரோ ஒரு பெரியம்மா என்று நினைத்துக்கொண்டேன். படத்தில் நாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என் வயதுதான் இருக்கும். முடியை என்னைவிட அழகாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு யாராவது காது குத்துவதென்றால் அதற்கு நீங்கள் வேண்டாம்.

அது போகட்டும். உங்கள் நீலச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானைச் சிவப்பு நூலில் தைத்திருக்கிறது. நான் தைத்தால் இரண்டு நேர்கோடு. இது பெருக்கல் குறி. நீங்கள் தைத்தது என்று சொல்லிவிடாதீர்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு என் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர் நீங்கள்.

நாள் முழுக்கக் கடையில் இருந்துகொண்டு யார் யாருக்கோ எழுத்துத் தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்கிறேன். நேற்று ஒரு வாடிக்கையாளர் கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டு, "ஏம்மா, உங்க கண்ணு ஏன் கலங்கியிருக்கு?" என்று என்னைக் கேட்டார். தூசி என்றேன்.

"நாங்கள்" என்றால் நானும் உருளையும். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்களைச் சுங்கத்தில் காட்டி வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதி ஒட்டச் சொன்னான். "பழைய துணி" என்று மொத்தமாக எழுதினால் பிரித்துக் கொட்டிவிடுவார்களாம். புதிதாக வாங்கிய எதையும் அட்டைப்பெட்டியோடு வைக்க வேண்டாமாம்.

நாய் இங்கே வராது. முடிந்தது.

பொத்தானை இரண்டு கோடாகத் தைப்பவள்

---

மார்ச் 18

கண்ணாடி போடாமலே எல்லாம் தெரிகிறவளுக்கு,

பொத்தான் அவர் தைத்ததுதான். ஒரு நாள் இன்ஸ்பெக்ஷனுக்குக் கிளம்பும்போது படியில் உதிர்ந்து விழுந்தது. கடைவாசலில் நின்றபடியே தைத்துக் கொடுத்தார். மாலை கட்டுகிற நூலோ என்னவோ, கையில் அதுதான் இருந்தது. அதற்கு மேல் அந்தப் பொத்தானில் ஒன்றும் இல்லை.

சரி, உன் இஷ்டப்படியே ஆகட்டும். நேற்று அவரிடம் போய், "முழு நாயும் இனி உங்களுடையதுதான், என் பாதியையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். பூத்தண்டுகளில் இலைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நல்லது" என்றார். மேஸ்திரியின் தட்டையும் போர்வையையும் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரி தட்டைக் கவ்விக்கொண்டு படியேறித் திரும்ப மேலே வந்துவிட்டது. நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உருளை! ஒரு நாள் தவறாமல் உன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்தவன்தானே? நம் கல்யாணத்தில் என் கையைக் குலுக்கிவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கங்க" என்றவன்தானே? இத்தனை வருஷம் இல்லாத ஏஜெண்ட் இப்போது எங்கிருந்து முளைத்தான்? நீயும் அவனும் எதில் போனீர்கள்? அவன் வண்டியிலா? நான் அனுப்பப் போவது எட்டுப் பெட்டி. அதற்கு எத்தனை தடவை நேரில் போய் விசாரிக்க வேண்டும்?

எட்டுப் பெட்டிக்காரன்

---

மார்ச் 22

எதில் போனீர்கள் என்று கேட்டவருக்கு,

பஸ்ஸில், தனியாகத்தான் போனேன். 'நாங்கள்' விசாரித்ததெல்லாம் அங்கே உட்கார்ந்துதான். உருளையின் ஆபீசில் இரண்டு மேஜை. ஒன்றில் அவன், எதிரில் அவன் மனைவி. சரக்குப் பேப்பர் முழுவதையும் அவள்தான் டைப் அடிக்கிறாள். அவன் வாயைத் திறந்தால் அவளே மூடிவிடுகிறாள். உங்களுக்கு மூக்கில் வியர்த்ததைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. இரண்டு தடவை படித்தேன்.

இப்போது நாய்.

கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நான் மனசு மாறிவிட்டேன் என்று துள்ள வேண்டாம். மூன்று நாளாக யோசித்தேன். நாயை அவளிடம் விட்டுவிட்டு வந்தால் என்ன நடக்கும்? வந்து இறங்கின மறுநாள், "மேஸ்திரி சாப்பிட்டானா?" என்று அவளுக்கு எழுதுவீர்கள். அவள் ஒரு படம் அனுப்புவாள். மழை பெய்தால் அங்கே மழையா என்று கேட்பீர்கள். நாய்க்குக் காய்ச்சல் என்றால் இங்கே உங்களுக்குச் சோறு இறங்காது. உங்கள் உடம்பு இந்த வீட்டில் இருக்கும், பாதி மனசு அந்தப் படிக்கட்டில் நாய் பின்னால் ஓடும். நாயை விட்டுவிட்டு வருகிறேன் என்றால் எதையோ அங்கே விட்டுவிட்டு வருகிறீர்கள் என்றுதான் அர்த்தம். இத்தனை வருஷம் கழித்து எனக்கு முழுசாக வேண்டும்.

உருளையின் மனைவி சொன்னவை: நாய்க்குக் கழுத்தடியில் தோலுக்குள் அடையாளச் சிப் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறிநோய் ஊசி. முன்னால் போட்ட ஊசி இருந்தாலும் சிப் வைத்த பிறகு போட்டதுதான் கணக்கு. பிறகு ரத்தப் பரிசோதனை. அதன் முடிவு வரச் சில வாரம் ஆகும். இங்கேயிருந்து அனுமதி வாங்குவது என் பொறுப்பு. கிளம்புகிற வாரத்தில் மாட்டு டாக்டரோ நாய் டாக்டரோ, அரசாங்க முத்திரை உள்ளவர் ஆரோக்கியச் சான்றிதழ் தரவேண்டும். கூண்டுக்குள் நாய் நிமிர்ந்து நிற்கவும் சுற்றித் திரும்பவும் இடம் இருக்க வேண்டும். இதனால் உங்கள் டிக்கெட் தள்ளிப்போகும். தள்ளிப்போகட்டும்.

சின்னவளிடம் சொல்லிவிட்டேன். பால்கனியில் செருப்பு ஸ்டாண்டை எல்லாம் அகற்றிவிட்டு, கையையும் ஊன்றி நாய் மாதிரி நாலு காலில் நடந்து பார்க்கிறாள்.

உங்கள் வீட்டுக்காரி

---

ஏப்ரல் 2

ஒரு வாரத்துக்கு ஒரு சட்டம் போடுகிறவளுக்கு,

உன்னால் நான் படாத அவமானம் பட்டாயிற்று. கொடுத்த நாயைத் திருப்பிக் கேட்கப் போனேன். வாயை எப்படித் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "கொண்டு வந்து கொடுத்தது நீங்க. இப்ப வேணும்னு சொல்றது யாரு?" என்றார். என் மனைவி என்றேன். "அப்ப அவங்களே என்கிட்ட கேக்கட்டும். நீங்க கேட்டா தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். உன் நம்பரை வாங்கிக்கொண்டார். பேசுவார். உனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பயப்படாதே. கோபமாகப் பேசாதே. அதைவிட முக்கியம், ரொம்ப மரியாதையாகவும் பேசாதே. உன் மரியாதைதான் எனக்குப் பயம்.

பெட்டிகள் போய்விட்டன. கப்பலில் ஏற்றியாயிற்று என்று ரசீது வந்தது. கட்டில், மேஜை எல்லாவற்றையும் புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன். அறையில் ஒரு விரிப்பும் நானும்தான் மிச்சம். தும்மினால் எதிரொலிக்கிறது. சிப் வைக்க டாக்டரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். நீ பேசி முடித்துச் சொன்னால்தான் உறுதி செய்ய முடியும்.

சின்னவள் நடந்த மாதிரி மேஸ்திரி நடக்காது, அது கொஞ்சம் சாய்ந்து நடக்கும் என்று அவளிடம் சொல்.

உன் வீட்டுக்காரன்

---

ஏப்ரல் 7

உங்களுக்கு,

பேசினாள். நேற்று நான் கடை மூடுகிற நேரத்தில். வீடியோவில், முகம் பார்த்து. அவள் பின்னால் வாளி வாளியாகப் பூ. நாய் அவள் காலடியில்.

"எதுக்கு உங்களுக்கு இந்த நாய்?" என்றாள், எடுத்த எடுப்பில். என் பெண் ஆசைப்படுகிறாள் என்று தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பொய். நாய் மேல ஆசையா, இல்ல என்கிட்ட இருக்கக் கூடாதா?"

கடையில் மாட்டியிருக்கும் இத்தனை கண்ணாடியிலும் என் முகம் தெரிந்தது. எங்கே திரும்புவது? "ரெண்டாவது" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அந்த நிமிஷம் அவளை எனக்குப் பிடித்துப்போனது. அதுவே எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. நாய் என்ன சாப்பிடும், இடிக்கு எங்கே போய் ஒளியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்புறம் போகிற போக்கில், "அவரு காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தப்பதான் இது மேல போய்த் தூங்க ஆரம்பிச்சுது. ஆறு வாரம் கட்டிலை விட்டு நகரல. அவரும்தான், நாயும்தான்" என்றாள்.

"எந்தக் கால்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எந்தக் கால்னுதான் மறந்துபோச்சு."

"இடது" என்றாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான் மறக்கவில்லை, எனக்குத் தெரியவே தெரியாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு மாசத்துக்கு மேல் படம் இல்லாமல் குரலில் மட்டும் பேசினீர்கள். சைட்டில் சிக்னல் இல்லை என்றீர்கள். அதுதானே? நான் இங்கே உங்களுக்கு இருமல் என்று கேட்டாலே ஏழு கேள்வி கேட்பவள். என் புருஷனின் எந்தக் கால் ஒடிந்தது என்பதை இன்னொருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பேசி முடிக்கும்போது அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். அதன் பிறகு நான் ஷட்டரை இறக்காமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். அதை உங்களுக்கு எழுதப் போவதில்லை.

டாக்டரிடம் வாங்கிய நேரத்தை நிறுத்தி வையுங்கள். நாய் விஷயம் யோசித்துச் சொல்கிறேன்.

---

ஏப்ரல் 12

பெயர்கூடப் போடாமல் கடிதத்தை முடித்தவளுக்கு,

லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கியது. இடது கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் எலும்பு விட்டுப்போனது. இப்போது நன்றாக நடக்கிறேன். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் வலிக்கும். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ கடையைப் பூட்டிவிட்டுச் சின்னவளையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றிருப்பாய். கடை ஆரம்பித்து அப்போதுதான் நாலு பேர் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். அதனால் சொல்லவில்லை. அப்போது அது சரியாகத்தான் பட்டது. இப்போது உன் கடிதத்தைப் படிக்கும்போது சரியாகப் படவில்லை.

அவர் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடித்துக் கூட்டிப்போனார். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போவார், நாய் வந்து போவதற்காக. இதைத் தாண்டி எதுவும் இல்லை. நீ இதைக் கேட்க மாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும். கேட்காமலே எரிந்துகொண்டிருப்பாய். அதனால் நானே சொல்கிறேன்.

அவர் கடைசியாக என்னதான் சொன்னார்? நேற்றுக் கீழே போய் நேராகவே கேட்டேன். "உங்க மனைவிய கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாளிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். நீ சொல்ல மாட்டேன் என்கிறாய். அவர் உன்னைக் கேள் என்கிறார். அவரைப் பல வருஷமாக எனக்குத் தெரியும், உனக்கு ஒரே ஒரு போன்கால்தான் தெரியும். அதற்குள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னை வாசலில் நிறுத்திவிட்டீர்கள். இது நியாயமா?

டிக்கெட் எடுக்க வேண்டும். நாய் உண்டா இல்லையா?

உன் வீட்டுக்காரன்

---

ஏப்ரல் 17

இடது கால்காரருக்கு,

நாய் இல்லை. டிக்கெட்டை எடுங்கள். மே முதல் வாரம், பகலில் வந்து சேரும் விமானமாகப் பாருங்கள்.

எனக்கு எதில் வயிறு எரிகிறது என்று ஐந்து நாளாக என்னையே கேட்டுப் பார்த்தேன். அவள் கஞ்சி கொடுத்ததில் இல்லை. அதைக் கொடுக்கும் இடத்தில் அவள் இருந்தாள், நான் இல்லை. நீங்கள் வலியில் முனகியது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் நாள் எழுந்து நின்றபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று தெரியும். எனக்குச் சேரவேண்டிய ஆறு வாரம் அது. என் கடைக்காக என்கிறீர்கள். கடையை நான் மறுபடி திறந்திருப்பேன். இந்தக் கோபம் நீங்கள் வந்து இறங்கியதும் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்ச நாள் இருக்கும். நேரில் சண்டை போட வேண்டும். போனை வைத்துவிட்டுப் போக முடியாத சண்டை.

நாய் வராது என்று சின்னவளிடம் சொன்னேன். "நீதானே வரும்னு சொன்ன?" என்று ஒரே அழுகை. செருப்பு ஸ்டாண்டைத் திரும்பப் பால்கனியில் வைக்கவிடவில்லை. நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அவளுக்கு என்ன காரணம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவளானதும் சொல்லலாம்.

உங்களுக்கும் சொல்ல மாட்டேன். அவள் சொன்னது என்னிடம் சொன்னது. நாயும் போய்விட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னாள். கேட்டவள், கொடுக்க முடிந்ததைக் கொடுக்கிறாள். இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் எனக்கு வருகிறீர்கள். அவ்வளவு பெரிய சாமானை எடுத்துக்கொண்டு நாயையும் பிடுங்கிக்கொண்டு வந்தால் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.

இனி மிச்ச வேலைகள். கரண்ட், தண்ணீர் கணக்கை முடித்து ரசீது வாங்குங்கள். சாவி கொடுக்கும் அன்று காலி அறைகளைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் சுவர் கீறல் என்று ஓனர் பேச்சை மாற்றினால் காட்டலாம். சான்றிதழ்களைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பேங்க் கணக்கு, மறுபடியும் சொல்கிறேன், கடைசியில். ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. நான் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது அவளிடம் சொல்லிக்கொண்டு வாருங்கள். திருட்டுத்தனமாகப் படியிறங்கி வந்துவிடாதீர்கள். மரியாதையாக நின்று, நன்றி சொல்லி, நாயைத் தடவிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எவ்வளவு நேரம் ஆகுமோ ஆகட்டும்.

அதற்குப் பிறகு அவளுக்கு எழுதக் கூடாது. ஒரு வரிகூட. நாய் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது இனிமேல் என் வேலை. நேற்றே ஆரம்பித்துவிட்டேன். பதில் வந்தது, ஒரு படமும் வந்தது.

மேஸ்திரி நன்றாக இருக்கிறதாம். உங்களுக்கு அதுவரை தெரிந்தால் போதும்.

உங்கள் வீட்டுக்காரி